தண்டவாளத்துக்குக் காவல் நின்ற ஐந்து மாதம்

2008 ஜூன் கடைசி ஞாயிறு. மத்தியானச் சாப்பாடு முடித்துப் பாயில் சரிந்திருந்தேன். கீழ்வீட்டு அன்ரி படியேறி வந்து, "தம்பி, வீட்டுக்கு ஒரு ஆம்பிளையின்ர பேர் குடுக்கட்டாம். எங்கட வீட்டில வேற ஆர் இருக்கினம், உம்மட பேரைக் குடுத்திட்டன்" என்றார். எதற்கு என்று கேட்டேன். ராத்திரியில் ரயில் பாதைக்குக் காவல் நிற்க என்றார். அன்ரியில் கோபமே வரவில்லை. அவருடைய மகன் கனடாவில், கணவர் படுக்கையில். மேல்மாடி அனெக்ஸில் வாடகைக்கு இருந்த நான்தான் அந்த வீட்டில் நடமாடும் ஒரே ஆண்.

எங்கள் ஒழுங்கை எது என்று எழுதப் போவதில்லை. கொழும்பின் தெற்கே காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். இறங்கி முடிந்தால் தண்டவாளம், அதற்கப்பால் கருங்கல் அணை, பிறகு கடல். நான் யாழ்ப்பாணத்திலிருந்து 2004இல் வந்தவன். புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதினேன், சம்பளம் 18,000 ரூபா. பின்னேரங்களில் உயர்தரப் பிள்ளைகளுக்குக் கணக்கீடு படிப்பித்ததில் இன்னும் 4,500 வந்தது. வீட்டுக்கு அனுப்பியது அந்த 4,500ஐத்தான்.

ஒன்றை முதலே சொல்லிவிடுகிறேன். ரயிலில் குண்டு வெடிக்கும் என்ற பயம் பொய்யானதல்ல. அந்த வருடம் பெப்ரவரி 3ஆம் திகதி கோட்டை ரயில் நிலையத்தில் குண்டு வெடித்து, செத்தவர்களில் பள்ளிக்கூடத்து பேஸ்பால் பிள்ளைகளும் இருந்தார்கள். மே 26 பின்னேரம் தெஹிவளையில் ஆபீஸ் முடிந்து போகும் கோச்சிக்குள், அதாவது ரயிலுக்குள், வெடித்தது. அன்றைக்கு நான் கோட்டையில் நின்றேன். கோச்சி ஓடாது என்றதும் காலி வீதியால் வீடுவரை நடந்து வந்தேன், வழியெல்லாம் அடையாள அட்டையைக் கையிலேயே பிடித்துக்கொண்டு. ஜூன் 4 காலை வெள்ளவத்தைக்கும் தெஹிவளைக்கும் இடையில் தண்டவாளத்தோரமே குண்டு வெடித்தது. இரண்டு நாள் கழித்து கட்டுபெத்தையில் பஸ். தெஹிவளையில் 1996இல் 64 பேர் செத்ததை ஊர் மறந்திருக்கவில்லை. ஆகவே ரயிலை யாராவது காக்கத்தான் வேண்டும். என் கேள்வி, சம்பளமும் துவக்கும் பயிற்சியும் இல்லாத கணக்கப்பிள்ளை ஏன் காக்க வேண்டும் என்பதுதான். அந்தக் கேள்வியை அப்போது வாய்விட்டுக் கேட்கும் துணிவு எனக்கு இருக்கவில்லை.

ஒழுங்கை முனைக் கடையில் கூட்டம் வைத்தார்கள். பகுதிப் பொலிஸிலிருந்து ஒரு சார்ஜன்ட் வந்தார். சிங்களத்தில் பத்து நிமிடம் பேசினார். இரவு பத்திலிருந்து விடிய நாலு மணி வரை, இரண்டு இரண்டு பேராக, எங்கள் முனையிலிருந்து அடுத்த மதகு வரைக்கும் நடக்க வேண்டும். ஆளுக்கு ஒரு விசில். ரோச் லைட் நாங்களே வாங்க வேண்டும். ஒரு கொப்பியில் வந்த நேரம், போன நேரம் எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். மாதம் ஐந்தாறு இரவு வரும். கடைசியாக அவர் சொன்னதை முன்வீட்டு முஸ்லிம் பெரியவர், நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர், எனக்குத் தமிழில் சொன்னார்: இந்தத் துண்டுப் பாதையில் ஏதாவது நடந்தால், அன்றைக்குக் கொப்பியில் பெயர் உள்ளவன்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும்.

எனக்கு அந்த இடத்திலேயே விளங்கியிருக்க வேண்டியது இது. எங்களை நிறுத்தியது காவலுக்கு அல்ல, பிணைக்கு. விசிலால் குண்டை நிறுத்த முடியாது என்பது சார்ஜன்டுக்கும் தெரியும். ஆனால் வெடித்தால் கையோடு பிடிக்க ஒரு பெயர் எழுத்தில் இருக்கும். அப்படியானால் எனக்கும் எழுத்தில் ஏதாவது இருந்திருக்க வேண்டும் அல்லவா? அதை நான் கேட்கவில்லை. அந்த நேரம் அவசரகால நிலை அமுலில் இருந்தது. 2005 ஆகஸ்டில் வெளிநாட்டு அமைச்சர் லக்ஷ்மன் கதிர்காமர் கொல்லப்பட்ட பிறகு வந்தது, 2011 ஆகஸ்ட் வரை போனது. அந்த ஒழுங்குவிதிகளில் ஆட்களைச் சேவைக்கு அழைக்க இடம் இருந்ததாம். அழைத்தால் அழைத்தவர் யார், எந்த விதியின் கீழ் என்று ஒரு கடதாசி இருக்க வேண்டும். எங்களுக்கு வந்தது வாய்ச்சொல் மட்டும். கட்டளையை எழுத்தில் கேட்கப் பயமாக இருந்தால் நீங்களே எழுதுங்கள்: "இன்ன திகதி முதல், இன்னார் அறிவித்தபடி, இன்ன இடத்தில் இரவுக் காவலுக்கு வருகிறேன்." இரண்டு பிரதி எடுத்து ஒன்றைக் கிராம சேவகரிடம் கொடுத்து, மற்றதில் சீல் குத்தி வாங்குங்கள். அது எதிர்ப்பு மாதிரி இருக்காது, கீழ்ப்படிவு மாதிரித்தான் இருக்கும். இதை எனக்குச் சொல்லித் தந்தவர் ஒரு சட்டத்தரணி. சொல்லும்போது அக்டோபர் பிறந்துவிட்டது.

என் ஜோடி அந்த நானாதான். அறுபத்து மூன்று வயது, ஹாட்வெயார் கடை வைத்து மகன்மாரிடம் விட்டவர். முதல் இரவு செருப்போடு போய்ச் சல்லிக்கல்லில் காலைப் பிரட்டிக்கொண்டேன். நானா பூட்ஸ் போட்டு வந்திருந்தார். ரோச்சை எங்கே அடிக்க வேண்டும் என்று காட்டினார். "தூரத்த பாக்க வேணாம் தம்பி, கல்லப் பாருங்க." கடற்காற்றுப் படும் பாதையில் சல்லியின் மேல்பக்கம் உப்பும் துருவும் படிந்து ஒரே நிறமாக வெளிறிக் கிடக்கும். யாராவது கிளறியிருந்தால் அடிப்பக்கம் மேலே வந்து கறுப்பாக, ஈரமாகத் தெரியும். ஒரு வாரத்தில் எனக்கும் கண் பழகிவிட்டது. இன்றைக்கும் ரயில் மேடையில் நின்றால் கண் தானாகக் கல்லுக்குப் போகிறது. கடைசிக் கோச்சி போன பிறகு பாதை இரண்டும் அமைதியாகிவிடும். நாய்கள், அணையில் தூண்டில் போடுகிறவர்கள், சில நேரம் ஒரு சோடி. அவர்களையும் நாங்கள் கேள்வி கேட்க வேண்டும். நான் கேட்டால் என் சிங்களத்தைக் கேட்டு அவர்கள் என்னைத் திருப்பிக் கேட்பார்கள், "உன்ட ஐசி எங்கே?" என்று, அடையாள அட்டையை. ஒரு இரவு தூண்டில்காரர் ஒருவர் என்னைப் பற்றிப் பொலிஸுக்கு போன் பண்ணிவிட்டார். ஜீப்பில் வந்தவர்களிடம் காவலாளியைப் பற்றி நானா விளங்கப்படுத்த வேண்டி வந்தது. சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்க முடியவில்லை.

ஆகஸ்ட் தொடக்கத்தில் சார்க் மாநாடு கொழும்பில் நடந்தபோது முறை இரட்டிப்பானது. இரவு விழித்துவிட்டு எட்டரைக்குக் கணக்குப் பேரேட்டின் முன் உட்கார்ந்தால் எழுத்து நீந்தும். முதலாளி நல்ல மனிசன், இரண்டு தரம் பொறுத்தார். டியூஷன் ஜூலையிலேயே நின்றுபோனது. பரீட்சை நெருங்க நெருங்க, வருவாரா மாட்டாரா என்று தெரியாத மாஸ்டரை எந்தத் தாய் வைத்திருப்பாள்?

இனி என் பிழைக்கு வருகிறேன். மூன்று இரவுக்கு நான் ஆள் வைத்தேன். பின் ஒழுங்கையில் கூலி வேலை செய்யும் ஒரு பெடியன், இரவுக்கு 400 ரூபா. எங்கள் ஒழுங்கையில் பாதி வீடு இப்படித்தான் செய்தது. காசுள்ளவன் நித்திரை கொள்ள, இல்லாதவன் நின்றான். பெடியன் என் பெயருக்கு நேரே என் கையெழுத்தைப் போடுவான். ஆகஸ்ட் 9 சனிக்கிழமை அவன் வரவேயில்லை. வேறு யாரோ கொப்பியை நிரப்பி, என் பெயருக்கும் ஒரு கிறுக்கல் போட்டுவிட்டார்கள். அன்றிரவு நான் அறையில் மின்விசிறியைப் போட்டுவிட்டு நன்றாகத் தூங்கினேன். ஆள் வைக்காதீர்கள். வைக்கத்தான் வேண்டும் என்றால் அவன் பெயர், அவன் ஐசி இலக்கம், அவன் கையெழுத்து கொப்பியில் ஏற வேண்டும். வராத இரவில் வந்ததாக உங்கள் பெயர் இருப்பதை விட, வரவில்லை என்று இருப்பது எவ்வளவோ மேல்.

ஆகஸ்ட் 21 வியாழன் இரவு. நள்ளிரவு கழிந்து ஒன்று இருபது. மதகுக்குக் கிட்ட, கடல்பக்கத் தண்டவாளத்துக்கும் அணைக்கும் நடுவில் ஒரு கறுப்பு சொப்பிங் பை, வாய் கட்டி. மாலை பெய்த மழையில் கல் எல்லாம் நனைந்திருந்தது, பை மட்டும் காய்ந்திருந்தது. நானா என் சட்டையைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தார். விசில் ஊத எனக்கு மூச்சு வரவில்லை, அவர்தான் ஊதினார். இதில் நாங்கள் சரியாகச் செய்தவை சில உண்டு. தொடவில்லை. கிட்டப் போய் லைட் அடிக்கவில்லை. ஒருவரைத் தனியே விட்டுவிட்டு மற்றவர் ஆள் கூப்பிட ஓடவில்லை, இரண்டு பேரும் சேர்ந்தே பின்வாங்கினோம். நான் சட்டைப்பை டயரியில் நேரத்தைக் குறித்தேன். கைபேசியை வெளியே எடுக்க வேண்டாம் என்று நானா சொன்னார். அது ஏன் என்று பிறகு விளங்கியது: பைக்குப் பக்கத்தில் கைபேசியோடு நிற்கும் தமிழ்ப் பெடியன் எப்படித் தெரிவான் என்று யோசித்துப் பாருங்கள்.

குண்டு செயலிழக்கச் செய்கிறவர்கள் வந்து திறந்து பார்க்க நாலு மணியாகிவிட்டது. உள்ளே வெட்டிய நீற்றுப்பூசணி, நாலு தேசிக்காய், குங்குமம், வேப்பிலை. யாரோ வீட்டில் கழிப்புக் கழித்துக் கடலில் போட வந்தவர், ரோச் வெளிச்சத்தைக் கண்டு இடையிலேயே போட்டுவிட்டு ஓடியிருக்கிறார். அந்த மனிசனை நான் பல நாள் மனதுக்குள் திட்டினேன். அவர் வீட்டுக் கண்ணூறு முழுக்க என்னில் இறங்கியது.

நானாவை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். என்னை ஜீப்பில் ஏற்றினார்கள். பூசணிக்காய் ஒரு பொருட்டல்ல; யாரோ எங்கள் எச்சரிக்கையைச் சோதித்துப் பார்க்க வைத்திருக்கலாம் என்பது அவர்கள் எண்ணம். கொப்பியை எடுத்துப் பக்கம் புரட்டினார்கள். 9ஆம் திகதிக் கையெழுத்து மற்றவற்றோடு பொருந்தவில்லை. "அன்றைக்கு எங்கே இருந்தாய்?" நான் வாயைத் திறந்து, "பாதையில்தான்" என்றேன். அந்தப் பொய்யைச் சொன்ன நிமிடம் இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது. பெடியனையும் கொண்டுவந்து கேட்டார்கள். அரை மணியில் உண்மை வந்தது, அதன் பிறகு நான் சொன்ன எந்த உண்மைக்கும் பெறுமதி இல்லை.

இரண்டு இரவு அங்கே இருந்தேன். அடிக்கவில்லை. ஆனால் பக்கத்து அறையில் கேட்ட சத்தங்களை நான் எழுதப் போவதில்லை. வெள்ளி பின்னேரம் சிங்களத்தில் மூன்று பக்க வாக்குமூலம் எழுதி நீட்டினார்கள். என்ன இருக்கிறது என்று கேட்காமல் கையெழுத்து வைத்தேன். வெளியே வர வேண்டும் என்பது தவிர மண்டையில் வேறொன்றும் இல்லை. 1988இல் வந்த 16ஆவது திருத்தத்துக்குப் பிறகு தமிழில் அலுவல் பார்க்கும் உரிமை அரசியலமைப்பிலேயே இருக்கிறது. அந்த அறைக்குள் இருந்துகொண்டு அரசியலமைப்பைப் பேச முடியாது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் தணிவாக, "வாசித்துச் சொல்லுங்கோ சேர்" என்றாவது கேட்கலாம். அதுவும் நடக்காவிட்டால் கையெழுத்துக்கு மேலே தமிழில் சின்னதாக "எனக்கு வாசித்துக் காட்டப்படவில்லை" என்று எழுதிவிட்டு வைக்கலாம். சட்டத்தரணி சொன்ன வழி இது. ஆபத்து இல்லாத வழி என்று நான் சொல்லவில்லை.

நான் எங்கே என்று வெள்ளி முழுக்க என் ஆட்கள் ஒருவருக்கும் தெரியாது. கடையில் நான் மட்டம் போட்டேன் என்று நினைத்தார்கள். நானா அன்ரியிடம் சொல்லியிருக்கிறார், அன்ரி பயத்தில் கதவைப் பூட்டிவிட்டார். கைபேசியை வாங்கி வைத்துவிட்டதால் எனக்கு ஒரு இலக்கமும் ஞாபகத்தில் வரவில்லை, அம்மாவுடையது கூட. மூன்று இலக்கங்களை மனப்பாடம் பண்ணி வையுங்கள். காவலுக்குப் போகிற இரவில் விடிய ஐந்து மணிக்கு நீங்கள் போன் எடுக்காவிட்டால் என்ன செய்ய வேண்டும், யாருக்குச் சொல்ல வேண்டும் என்று ஒரு ஆளிடம் முதலே பேசி வையுங்கள். மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு 1996 என்ற இலக்கம் இருக்கிறது. கைதானவர் எங்கே என்று வீட்டுக்காரர் தேட அதுவே முதல் வாசல். கடை முதலாளியின் கடிதம் ஒன்றும் பையில் இருக்கட்டும். ஞாயிறு காலை என்னை வெளியே விட வைத்தது என் முதலாளியின் கடிதத் தலைப்புத்தான் என்பது என் நம்பிக்கை. அதை நானாதான் வீடு தேடிப் போய் வாங்கி வந்திருந்தார்.

அடுத்த வாரம் கொப்பி வந்தது. செவ்வாய் இரவுக்கு என் பெயர்!

கேஸ் போட வேண்டும் என்ற எண்ணம் எனக்கு இருந்தது. ஆனால் செப்டெம்பரில், ஐந்து வருடத்துக்குள் வடக்கிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் 21ஆம் திகதி பதிய வேண்டும் என்று அறிவித்தார்கள். நானும் அந்தக் கணக்குக்குள் வந்தேன். பதிவு முடியும் வரைக்கும் யாரையும் கோபப்படுத்தக் கூடாது என்று இருந்துவிட்டேன். அதற்கு முந்தின வருடம் ஜூனில் லொட்ஜுகளில் இருந்த தமிழர்கள் 376 பேரை விடியற்புறம் பஸ்ஸில் ஏற்றி வடக்குக் கிழக்குக்கு அனுப்பியதைப் பார்த்தவன் நான். மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது என்பதும் தெரியும். அந்தச் செய்தியில் தடை மனதில் நிற்கவில்லை, பஸ்தான் நின்றது. அக்டோபர் முதலாம் திகதி ஒரு சட்டத்தரணியிடம் போனேன். வெளியே வந்து 38 நாள். அவர் விரலை மடக்கி எண்ணிப் பார்த்துவிட்டுப் பேனையைக் கீழே வைத்தார். அடிப்படை உரிமை மீறல் மனுவை அரசியலமைப்பின் 126ஆவது உறுப்புரைப்படி ஒரு மாதத்துக்குள் போட வேண்டுமாம். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்திருந்தால், அவர்கள் விசாரிக்கிற காலம் இந்தக் கணக்கில் சேராது. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தில் அப்படி இருக்கிறது. ஒரு பக்கக் கடிதம், ஒரு முத்திரைச் செலவு. எனக்குத் தெரியாது. கோபத்தை ஆறப்போடுங்கள், முறைப்பாட்டை ஆறப்போடாதீர்கள். அவருக்குக் கொடுத்தது 10,000 ரூபா. சட்ட உதவி ஆணைக்குழு என்று ஒன்று புதுக்கடைப் பக்கம் இருப்பதும், வசதியில்லாதவர்களுக்கு அங்கே இலவசமாகப் பார்ப்பதும் பிறகுதான் தெரிய வந்தது.

போட்டுப் பார்த்த கணக்கு: டியூஷன் ஐந்து மாதம் 22,500, ஆள் வைத்தது 1,200, ரோச்சும் பற்றரியும் மழைக்கோட்டும் 1,850, சட்டத்தரணிக்கு 10,000. மொத்தம் 35,550. கிட்டத்தட்ட இரண்டு மாதச் சம்பளம். நித்திரையைக் கணக்கில் சேர்க்கவில்லை.

பிற்பாடு பொது நூலகத்தில் உட்கார்ந்து இதைப் பற்றி வாசித்தேன். 1864இல் அமெரிக்க உள்நாட்டுப் போரில், வெர்ஜீனியாவில் தெற்குத் தரப்பைச் சேர்ந்த மொஸ்பி என்பவரின் கெரில்லாக்கள் ரயில்களைத் தாக்கியபோது, அலெக்சாந்திரியா ஊரில் எதிர்த்தரப்பு அனுதாபிகள் என்று பெயரெடுத்த பிரமுகர்களைப் பிடித்து வடக்கு இராணுவம் அதே ரயில்களில் ஏற்றியிருக்கிறது. 1900 ஜூனில் தென்னாபிரிக்காவில், டச்சு வழிவந்த போயர்களோடு நடந்த போரில், பிரித்தானியத் தளபதி ரொபர்ட்ஸ் பிரபுவும் அதையே அறிவித்தார், தண்டவாளம் உடைந்தால் பக்கத்து வீடுகளை எரிப்போம் என்றும் சேர்த்து. அந்தப் போரில் பிடிபட்ட போயர்களை இங்கே தியத்தலாவையில் கொண்டுவந்து அடைத்தார்கள் என்பது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். எங்களுக்குக் குறைந்தபட்சம் விசிலாவது தந்தார்கள் என்று நினைத்துக்கொண்டேன். 2019 உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகும் 2022இலும் அவசரகால நிலை திரும்பி வந்தது. ஒவ்வொரு தடவையும் என் மருமகனுக்கு இந்தக் கதையைத் திருப்பிச் சொல்லி அலுத்துவிட்டது, எழுதி வைத்தால் அவனே வாசிக்கட்டும்.

நவம்பரில் ஒரு வாரம் கொப்பி வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. முடிந்துவிட்டது என்று ஒருவரும் சொல்லவில்லை. நானா மட்டும் இன்னும் பத்து நாள், ராத்திரி பத்து மணிக்குப் பூட்ஸ் போட்டுக்கொண்டு முனை வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். 2011இல் வெளிநாட்டு வேலைக்காகப் பொலிஸ் நற்சான்றிதழ் எடுத்தேன். சுத்தமாக வந்தது. இரண்டு இரவு உள்ளே இருந்ததற்கும் அடையாளம் இல்லை, இருபத்தெட்டு இரவு வெளியே நின்றதற்கும் இல்லை. இருப்பது சட்டைப்பை டயரி மட்டும். ஒவ்வொரு இரவும் எத்தனை மணிக்கு மதகைத் தாண்டினோம், கடைசிக் கோச்சி எத்தனைக்குப் போனது என்று பென்சிலால் குறித்திருக்கிறேன். ஆகஸ்ட் 9க்கு நேரே வெறுமையாகக் கிடக்கிறது.